செட்டிநாட்டில் மூன்று நாள்: பலரும் செய்யும் தவறுகள்

'செட்டிநாடு' என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. கானாடுகாத்தான் பக்கத்தில் இருக்கும் சின்ன நிலையம். பெயரைப் பார்த்து அதற்கு டிக்கெட் எடுத்துவிட்டு, இருட்டில் பெட்டியோடு இறங்கி வண்டி தேடுவதுதான் முதல் தவறு. செட்டிநாடு என்பது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். விடுதி, வாடகைக் கார், சாப்பாட்டுக் கடை எல்லாம் சேர்ந்து கிடைக்கும் இடம் காரைக்குடி. டிக்கெட்டைக் காரைக்குடி சந்திப்புக்கே எடுங்கள்.

சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் கிளம்பி இரவில்தான் வந்து சேரும். திரும்பும் வண்டி அதிகாலையிலேயே புறப்பட்டுவிடும். வரும் நாளும் போகும் நாளும் கணக்கில் சேராது என்பதால், மூன்று நாள் முழுதாகச் சுற்ற நான்கு இரவுக்கு அறை எடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் இரண்டு இரவு மட்டும் பதிவு செய்தவர்களுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு முழு நாள்தான்.

காரில் வருபவர்கள் நேராகக் காரைக்குடிக்கு வந்து, அங்கிருந்து மறுபடி வந்த வழியே திரும்பி ஓடுகிறார்கள். மதுரையிலிருந்து திருப்பத்தூர் வழியாக வந்தால் பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் வரும் பாதையிலேயே இருக்கின்றன. பிள்ளையார்பட்டியிலிருந்து வைரவன்பட்டி சில கிலோமீட்டர்தான். திருச்சியிலிருந்து வருபவர்களுக்கு சித்தன்னவாசல், புதுக்கோட்டை, திருமயம், கானாடுகாத்தான் என்று வரிசையாக அமையும். வழியில் உள்ளதை வரும்போதே பார்த்துவிட்டால் அரை நாள் மிச்சம். சிற்றூர்களுக்கு டவுன் பஸ் உண்டு, ஆனால் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டும். ஒரு நாள் வாடகைக்குக் கார் பேசுவதே நல்லது. கிலோமீட்டர் கணக்கா, மணிக் கணக்கா, டிரைவர் பேட்டா உள்ளடங்குமா என்று ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மதிய நேரத்தை மறப்பது அடுத்த தவறு. பெரும்பாலான கோயில்களில் உச்சிக்காலம் முடிந்ததும் நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை நான்கு மணி ஆகும். பதினொன்றரைக்குக் காரைக்குடியில் கிளம்பி 'போகிற வழியில் மூன்று கோயில்' என்று திட்டம் போட்டால் ஒரு கோயிலைத்தான் பார்ப்பீர்கள். காலையில் கோயில், வெயில் ஏறியதும் வீடுகளும் சாப்பாடும், நான்குக்கு மேல் மறுபடி கோயில் அல்லது கடைத்தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1687இல் கிழவன் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டை வெறும் பாறை. அதைத் திறந்தவுடன் ஏறி இறங்கிவிட்டு, அடிவாரத்திலுள்ள சத்தியமூர்த்திப் பெருமாள், சத்தியகிரீஸ்வரர் குடைவரைகளை நடை சாத்தும் முன் பார்க்க வேண்டும். புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் ஓவியங்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை, தேய்ந்தும் இருக்கின்றன. வெளிச்சத்திலிருந்து உள்ளே போனவுடன் ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிடம் சும்மா நின்றால் விதானத்தின் தாமரைக் குளமும் மீனும் யானையும் மெல்லத் துலங்கும். பலர் அதற்குள் வெளியே வந்துவிடுகிறார்கள் என்பது பெரிய வருத்தம்.

வீடுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் அதிகம் இங்கேதான். கானாடுகாத்தான் அரண்மனையும் காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடும் தனியார் சொத்து. வெளியிலிருந்து மட்டுமே பார்ப்பதாக நினைத்துப் போனால் மனம் நோகாது. கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வீடுகளில் ஆத்தங்குடிப் பெரிய வீடு முக்கியமானது. மற்றவை பெரும்பாலும் பல பங்காளிகளுக்குப் பொதுவான வீடுகள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்றால்தான் எல்லாரும் கூடுவார்கள். மற்ற நாட்களில் காவலுக்கு ஒருவர் இருப்பார். அவரிடம் கேட்காமல் முகப்பைத் தாண்டக்கூடாது. வளவு எனப்படும் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கு உரியவை, அந்தக் கதவுகளைத் தள்ளிப் பார்க்காதீர்கள். செருப்பு வெளியே இருக்கட்டும். சுவரில் சாயவும் வேண்டாம்: சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு அது, கை எண்ணெய் பட்டால் கறை நிற்கும். தை, ஆவணி முகூர்த்த நாட்களில் பார்வைக்கு விடும் வீடுகூடக் கல்யாணத்துக்குப் போயிருக்கலாம். முதல் நாளே போன் செய்து கேளுங்கள். தை மூன்றாம் நாள் சிறாவயல் மஞ்சுவிரட்டு. அன்று பிள்ளையார்பட்டிச் சாலையில் கார் நகராது.

ஆத்தங்குடிப் பூக்கல் என்னும் தரைக்கல் செய்யும் பட்டறைக்குக் காலையில் போங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் கரைசலை அறை அறையாக ஊற்றி, அச்சை எடுத்து, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டி. காய்ந்ததும் கண்ணாடி தானாகக் கழன்று வரும், பளபளப்பு அந்தக் கண்ணாடியால் வந்தது. ஆசைப்பட்டுக் காரில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்கள் கணக்குப் போடுவதில்லை. பத்துக்குப் பத்து அங்குலக் கல்லென்றால் 100 சதுர அடிக்கு 144 வேண்டும். ஒன்று இரண்டரைக் கிலோ என்றாலும் மொத்தம் 360 கிலோ. லாரியில் அனுப்பச் சொல்லி, உடைசலுக்குப் பத்துக் கல் கூடுதலாக வாங்குங்கள். பதித்த பிறகு ஆசிட் ஊற்றிக் கழுவினால் வண்ணம் செத்துவிடும்.

இனி சாப்பாடு. 'செட்டிநாடு என்றாலே காரம்' என்று வந்து, மூன்று வேளையும் கோழி மிளகு வறுவல் கேட்பது நாக்குக்குச் செய்யும் அநியாயம். இந்தச் சமையலின் குணம் கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு ஆகியவற்றின் வாசனையில் இருக்கிறது. அரிசி கழுவிய நீரில் புளி சேர்த்து வைக்கும் மொச்சை மண்டி, இடியாப்பத்துக்குக் கத்தரிக்காய்க் கோசமல்லி, கவுணி அரிசி இனிப்பு இவற்றைத் தேடிச் சாப்பிடுங்கள். மெஸ்களில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்குள் உட்கார வேண்டும். இரண்டரைக்குப் போனால் சோறும் ரசமும் மிஞ்சியிருக்கும், உப்புக்கறி இருக்காது. பழைய வீடுகளை விடுதியாக நடத்தும் இடங்களில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு முதல் நாளே ஆள் கணக்குச் சொல்லியாக வேண்டும், அங்கே தலைக்கு அளந்துதான் சமைக்கிறார்கள். வெள்ளைப் பணியாரத்தைப் பார்சல் வாங்காதீர்கள். பச்சரிசியும், அதன் தலையில் கோபுரமாக உளுந்தும் அளந்து ஊறவைத்து, ஒவ்வொரு கரண்டியாக எண்ணெயில் ஊற்றி எடுப்பது அது. சூட்டோடு மிளகாய்த் துவையல் தொட்டுச் சாப்பிட்டால்தான் பஞ்சு, ஆறினால் தோல்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வாங்குகிறவர்கள், நூறு ஆண்டு கடந்த பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். எனாமல் தூக்கு, தட்டு போன்றவற்றை விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள், சில்லுப் பெயர்ந்த இடத்தில் துரு ஏறும். கண்டாங்கிச் சேலை புவிசார் குறியீடு பெற்றது. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பலகாரம் வாங்குவதைக் கடைசி நாள் மாலைக்கு ஒதுக்குங்கள். தேன்குழலும் மாவுருண்டையும் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். கந்தரப்பத்தில் தேங்காய் இருப்பதால் ஊர் போய்ச் சேரும்வரை வைக்காமல் ரயிலிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.