அனிமே வீடியோ போட்டுச் சம்பாதிக்க: கிளைம், ஸ்ட்ரைக், மானிட்டைசேஷன்

அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) கிளிப் ஏழு வினாடிக்குள் இருந்தால் காப்பிரைட் பிரச்சினை வராது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, யூடியூபும் சொல்லவில்லை. படத்தை இடவலமாகத் திருப்புவது, வேகத்தைக் கூட்டுவது, சுற்றிலும் பார்டர் போடுவது, டிஸ்கிரிப்ஷனில் "காப்பிரைட் மீறும் நோக்கமில்லை" என்று எழுதுவது எதுவுமே காப்பாற்றாது. திருப்பிப் போட்ட படம், நீங்கள் ஒளிக்கப் பார்த்தீர்கள் என்பதற்கே சாட்சியாக நிற்கும்.

நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் திறனாய்வுக்கும் இடம் கொடுக்கிறது. முதல் எபிசோடிலிருந்து கடைசி வரை தமிழில் கதை சொல்லிக்கொண்டே காட்சிகளை ஓட்டுவது அதற்குள் அடங்குவது கடினம். திரைப்படங்களைக் குரல் விளக்கத்தோடு பத்து நிமிடமாகச் சுருக்கிப் போட்டவர்கள் 50 கோடி யென் இழப்பீடு தர வேண்டும் என்று டோக்கியோ நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. 'கதை விளக்கம்' சேனல் தொடங்குகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

முதலில் ஸ்கிரிப்ட் எழுதுங்கள். எந்த வாதத்துக்கு எந்தக் காட்சி தேவை என்று குறித்துக்கொண்டு அதை மட்டும் வெட்டுங்கள். ஸ்டில் போதும் என்றால் ஸ்டில்தான். கிளிப்பின் மூல ஒலியை அணைத்துவிட்டு உங்கள் குரலை வையுங்கள். ஓப்பனிங், எண்டிங் பாட்டுகளைத் தொடவே வேண்டாம். அவற்றின் உரிமை பெரும்பாலும் இசை நிறுவனத்திடம் தனியாக இருக்கும், பதிவேறும் வீடியோக்களில் உரிமையுள்ள படம், பாட்டைத் தானாகத் தேடும் யூடியூபின் 'கன்டென்ட் ஐடி'யும் சட்டென்று பிடித்துவிடும். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் விழா நடக்கும்போது எடுக்கும் காஸ்பிளே (கதாபாத்திர வேடம்) காட்சிகள் நீங்களே எடுத்தவைதான். ஆனால் பின்னணியில் ஸ்பீக்கர் பாடினால் அதற்கும் கிளைம் (உரிமையாளரின் உரிமைக் கோரல்) வரும்.

அப்லோடு செய்யும்போது 'பிரைவேட்' என்று வைத்து, காப்பிரைட் சோதனை முடியும்வரை காத்திருங்கள். கிளைம் வந்தால் யூடியூப் ஸ்டுடியோவிலேயே அந்தப் பகுதியை வெட்டலாம், ஒலியை அடைக்கலாம், பாட்டை மாற்றலாம். சோதனையில் தப்பித்தது நிரந்தரமல்ல. 2021 டிசம்பரில் தோயே அனிமேஷன் ஒரே விமர்சனச் சேனலின் சுமார் 150 வீடியோக்களை முடக்கியது.

கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளைம் வந்தால் விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகலாம், வீடியோ முடக்கப்படலாம். சேனலுக்கு அடி விழாது. உரிமையாளர் கேட்டு வீடியோ நீக்கப்படும்போது சேனல்மேல் விழும் ஸ்ட்ரைக் 90 நாள் நிற்கும், அதற்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். கிளைமை மறுப்பதானால் ஐந்து நாளுக்குள் மறுங்கள். முதல் நாளிலிருந்தே வருமானம் யாருக்கும் போகாமல் தனியாக நிறுத்திவைக்கப்படும். உரிமையாளருக்குப் பதில் சொல்ல 30 நாள். அவர் நிராகரித்து நீங்கள் மேல்முறையீடு செய்தால், அவர் வீடியோவை நீக்கச் சொல்லலாம். அப்படி நீக்கச் சொல்வதிலிருந்துதான் ஸ்ட்ரைக் பிறக்கும். அதையும் எதிர்த்து எதிர் அறிவிப்பு கொடுத்தால் உங்கள் பெயரும் முகவரியும் எதிராளிக்குப் போகும், அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்துக்கும் ஒப்புக்கொள்கிறீர்கள். வாதம் வலுவாக இல்லையென்றால் அந்தப் படியில் கால் வைக்காதீர்கள்.

ஒரு கிளைம்கூட இல்லாத சேனலுக்கும் மானிட்டைசேஷன் மறுக்கப்படுவதுண்டு. 1,000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் (ஷார்ட்ஸ் என்றால் 90 நாளில் 1 கோடி பார்வை) எட்டி விண்ணப்பித்ததும் யூடியூப் ஆள் உட்கார்ந்து சேனலைப் பார்ப்பார். எடிட்டும் பாட்டும் மட்டும் கொண்ட ஏஎம்வி (அனிமே மியூசிக் வீடியோ), குரலே இல்லாத தொகுப்பு எல்லாம் 'ரீயூஸ்டு கன்டென்ட்' (பிறர் ஆக்கத்தை அப்படியே மறுபடி போட்டது) என்று விழும். முதல் முறை நிராகரித்தால் 30 நாள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். அதற்குள் பழைய தொகுப்புகளை நீக்கிவிடுங்கள், புதியவற்றை மட்டும் சரிசெய்தால் போதாது. அதிகம் பார்க்கப்பட்ட வீடியோவையும் அவர்கள் பார்ப்பார்கள்.

நீள வீடியோ விளம்பரத்தில் உங்கள் பங்கு 55%, ஷார்ட்ஸில் 45%. யூடியூப் காசு வந்து சேரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் பான் எண்ணோடு அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பினால், இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அமெரிக்கப் பார்வையாளர் வருமானத்தில் மட்டும் 15% பிடிப்பார்கள். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலேயே 24% வரை போகலாம். 10 டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்யும் பின் (PIN) எண் சாதாரணத் தபாலில் வரும். சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டையும் முகவரியில் எழுதுங்கள். கடிதம் தொலைந்து நான்கு மாதம் தாண்டினால் பணம் நின்றுவிடும்.