ஃபூஜி மலை ஏறப் போகிறீர்களா? முதல்முறை ஏறுபவர்களுக்கான திட்டம்

ஜப்பானின் ஃபூஜி மலை 3,776 மீட்டர் உயரம். உயரத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கயிறு, கொக்கி எதுவும் தேவையில்லை. தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கக்கூடியவர், கொஞ்சம் மாடிப்படி ஏறிப் பழகிவிட்டால் போதும். அப்படியிருந்தும் பலர் பாதியில் திரும்புகிறார்கள். பெரும்பாலும் காரணம் காலில் இல்லை, திட்டத்தில்தான். இரவு முழுக்கத் தூங்காமல் ஏறி உச்சியில் சூரிய உதயம் பார்ப்பது என்று கிளம்புவார்கள். ஜப்பானில் இதற்கு 'டங்கன் டோசான்' என்றே பெயர். தோட்டா மாதிரி பாய்ந்து ஏறுவது. குளிர், தூக்கமின்மை, உயரம் மூன்றும் ஒன்றாகத் தாக்கும்போது உடம்பு ஒத்துழைக்காது.

நான் சொல்லப்போவது இரண்டு நாள் திட்டம். நடுவில் ஒரு இரவு மலைக்குடிலில்.

படி 1: தேதி

அண்மை ஆண்டுகளில் யோஷிடா பாதை ஜூலை 1 அன்றும், மற்ற மூன்று பாதைகள் ஜூலை 10 அன்றும் திறக்கின்றன. எல்லாம் செப்டம்பர் 10 உடன் மூடப்படும். சீசன் முடிந்தால் குடில்கள், கழிப்பறைகள் எல்லாம் பூட்டித்தான் இருக்கும். புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஜூலை முதல் பாதியில் மழைக்காலம் முடிந்திருக்காது. ஆகஸ்ட் நடுவில் ஓபோன் (முன்னோரை நினைவுகூரும் பண்டிகை) விடுமுறைக் கூட்டம். உச்சிக்குப் பக்கத்தில் வரிசையில் நின்று நகர வேண்டியிருக்கும். ஜூலை கடைசி வாரத்தில் ஒரு வார நாள்தான் என் தேர்வு. ஆகஸ்ட் கடைசியிலும் கூட்டம் குறையும், ஆனால் புயல் வரலாம். எப்போது போனாலும் பயணத்தில் ஒரு நாளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பாதை

நான்கு பாதைகள் உண்டு. அடிவாரத்திலிருந்து உச்சி வரை பாதையைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 'நிலையம்' என்கிறார்கள். நான்கிலும் 'ஐந்தாம் நிலையம்' என்ற இடத்திலிருந்துதான் எல்லோரும் ஏறத் தொடங்குவார்கள். ஆனால் அது ஒவ்வொரு பாதையிலும் ஒவ்வொரு உயரத்தில் இருக்கிறது: ஃபூஜினோமியாவில் சுமார் 2,400 மீட்டர், யோஷிடாவில் 2,300, சுபாஷிரியில் 2,000, கோடெம்பாவில் வெறும் 1,440.

முதல்முறை என்றால் யோஷிடாவையே எடுங்கள். குடில்கள் அதிகம், மருத்துவ உதவி உண்டு, டோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து நேரடிப் பேருந்து உண்டு. ஃபூஜினோமியா தூரம் குறைவு, ஆனால் செங்குத்து; ஏறுபவர்களும் இறங்குபவர்களும் ஒரே பாதையில் மோதிக்கொள்வார்கள். கோடெம்பாவை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 3: குடில்

விமான டிக்கெட்டுக்கு முன்பே குடிலைப் பிடியுங்கள். வசந்த காலத்திலேயே முன்பதிவு தொடங்கிவிடும். சனிக்கிழமைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு இரவுக்குச் சுமார் 10,000 யென்னிலிருந்து மேலே ஆகும். அந்தக் காசுக்கு விடுதி அறையை எதிர்பார்க்காதீர்கள். தீப்பெட்டியில் குச்சிகளை அடுக்கியது போல வரிசையாகப் படுக்க வேண்டியதுதான். குளியல் கிடையாது. இரவு ஒரு மணிக்கே பாதிப் பேர் எழுந்து பையை உருட்டத் தொடங்குவார்கள், அதனால் காதடைப்பான் அவசியம்.

எந்தக் குடில்? எட்டாம் நிலையம் 3,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே தங்கினால் மறுநாள் ஏற வேண்டியது குறைவு, ஆனால் தூக்கம் சரியாக வராது. உயரம் ஒத்துக்கொள்ளுமா என்ற சந்தேகம் இருந்தால் ஏழாம் நிலையத்திலேயே தங்கிவிடலாம்.

படி 4: கட்டணமும் நுழைவாயிலும்

2025 முதல் நான்கு பாதைகளிலும் ஆளுக்கு 4,000 யென் கட்டணம். பிற்பகல் 2 மணி முதல் அதிகாலை 3 மணி வரை குடில் முன்பதிவு இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். யோஷிடாவில் ஒரு நாளைக்கு 4,000 பேர் என்ற உச்சவரம்பும் உண்டு. ஆன்லைனிலேயே பதிவு செய்துவிடுங்கள். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன, கிளம்பும் முன் அதிகாரபூர்வத் தளத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

படி 5: பை

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 0.6 டிகிரி குறையும். டோக்கியோவில் 32 டிகிரி வெயிலில் வியர்த்துக்கொண்டு பேருந்து ஏறுகிறீர்கள். அதே நேரம் உச்சியில் பத்து டிகிரிகூட இருக்காது. விடியற்காலையில் பூஜ்யத்தை நெருங்கும், காற்று வேறு அடிக்கும்.

ஜீன்ஸ், பருத்தி பனியன் இரண்டும் வேண்டாம். நனைந்தால் காயவே காயாது. உள்ளே சீக்கிரம் காயும் சட்டை, நடுவில் ஃப்ளீஸ் (கதகதப்பான மென்துணி மேலாடை), வெளியே மழை ஜாக்கெட், தனியாக மழை பேன்ட். குடையும் போன்ச்சோவும் (தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் தளர்வான மழை அங்கி) உதவாது, ஏனென்றால் சரிவில் காற்று கீழிருந்து மேலே அடிக்கும். போன்ச்சோ முகத்தில் வந்து மூடும். கணுக்காலை மூடும் ஷூ, கையுறை, ஹெட்லேம்ப் கட்டாயம். ஃபூஜி இன்னமும் உயிருள்ள எரிமலைதான், கடைசியாக 1707இல் வெடித்தது. கல் உருண்டு வரும் இடங்களும் உண்டு என்பதால் ஹெல்மெட் இருந்தால் நல்லது. எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை, வாடகைக்குக் கிடைக்கும்.

தண்ணீர் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். வழியில் ஊற்றோ ஓடையோ கிடையாது. எரிமலை மண் மழையை அப்படியே உறிஞ்சிவிடும். குடில்களில் பாட்டில் விலை கீழே இருப்பதைப் போலப் பல மடங்கு. அப்புறம், 100 யென் நாணயங்கள் ஒரு கைப்பிடி. கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் 200, 300 யென் போட வேண்டும். குப்பைத் தொட்டிகள் இல்லை, உங்கள் குப்பை உங்கள் பையிலேயே இறங்கும்.

படி 6: ஏறும் நாள்

ஷின்ஜுகுவிலிருந்து பேருந்தில் ஐந்தாம் நிலையத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேரம். இறங்கியதும் நடக்காதீர்கள். ஒரு மணி நேரம் அங்கேயே சுற்றுங்கள், சாப்பிடுங்கள். உடம்பு மெலிந்த காற்றுக்குப் பழக வேண்டும். பதினொன்றரை வாக்கில் கிளம்பினால் மாலை ஐந்துக்குள் குடில். பேச்சு தடைபடாமல் பேசிக்கொண்டே ஏற முடிகிறதா? அதுதான் சரியான வேகம்.

தலைவலி, குமட்டல் வந்தால் நின்று ஓய்வெடுங்கள். குறையவில்லை என்றால் இறங்குவதுதான் மருந்து. கடையில் விற்கும் ஆக்ஸிஜன் டப்பா கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும்.

இப்போது உதயத்துக்கு வருவோம். யோஷிடா பாதை மலையின் வடகிழக்குப் பக்கம் இருக்கிறது. அதனால் குடில் வாசலில் நின்றாலே உதயம் தெரியும்! ஜூலையில் உதயம் நாலரை மணிவாக்கில். அதற்கு முன்பே எழுந்து, போர்த்திக்கொண்டு பார்த்துவிட்டு, காலை உணவை முடித்து, வெளிச்சத்தில் ஏறுங்கள். இரவு வரிசையில் போனவர்கள் அதற்குள் இறங்கத் தொடங்கியிருப்பார்கள், பாதை காலியாக இருக்கும்.

உச்சியில் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தெம்பிருந்தால் எரிமலை வாயைச் சுற்றி வாருங்கள், சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். உண்மையான உச்சியான கென்காமினே அந்தச் சுற்றில்தான் இருக்கிறது.

படி 7: இறக்கம்

யோஷிடாவில் இறங்கும் பாதை தனி. சரளை வளைந்து வளைந்து முடிவே இல்லாமல் போகும். முழங்காலுக்கு ஊன்றுகோல், ஷூவுக்குள் கல் போகாமல் கெய்ட்டர் என்ற கணுக்கால் உறை, இரண்டும் இங்கேதான் வேலை செய்யும். எட்டாம் நிலையத்தருகே சுபாஷிரி பாதை பிரிகிறது. களைப்பில் முன்னால் போகிறவர் பின்னாலேயே போய், மலையின் வேறு பக்கத்தில் இறங்குபவர்கள் உண்டு. பலகையின் நிறத்தைப் பாருங்கள்: யோஷிடா மஞ்சள், சுபாஷிரி சிவப்பு. இறக்கத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கி, அதற்கு மேல் இரண்டு மணி நேரம் கூட்டித் திரும்பும் பேருந்துக்கு டிக்கெட் எடுங்கள்.