பாலம் இடிபடுமுன் ஊர்ப் பேச்சை எழுதி வைப்பது எப்படி

தாமிரபரணிப் பாசனத்தில் கோடகன் கால், பாளையங்கால், கன்னடியன் கால் என எந்தக் கால்வாயை எடுத்துக்கொண்டாலும், அதன் மேல் பழைய பாலம் ஒன்றோ தாம்போதி (தரைப்பாலம்) ஒன்றோ நிற்கும் ஊர்கள் உண்டு. சாலை அகலமாகும்போது முதலில் இடிபடுவது அதுதான். புதுப் பாலம் வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் இடிப்புக்கு நாள் குறித்ததும் டீக்கடை பெஞ்சிலும் கோயில் திண்ணையிலும் பாலத்தைப் பற்றிய பேச்சு பெருகும். பாலத்தைக் கையால் காட்டிப் பேசும்போது வருகிற நினைவு, அது போனபின் வெற்றிடத்தைக் காட்டிக் கேட்டால் வராது என்பதால், அந்தச் சில வாரங்களுக்குள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மனிதர்களிடம் போகுமுன் கல்லிடம் போங்கள். திறப்புக் கல்லில் சுண்ணாம்பு அடித்திருந்தால் கம்பித் தூரிகை வேண்டாம். தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். எழுத்து மங்கியிருந்தால், இருட்டியபின் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுத்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். ஆண்டு சிதைந்திருந்தாலும் காலத்தை ஓரளவு கணிக்கலாம். ‘சென்னை மாநிலம்’ என்றிருந்தால் அது 1969 ஜனவரிக்கு முந்தையது. ‘நெடுஞ்சாலை’, ‘தலைவர்’ போன்ற சொற்களில் லை என்ற எழுத்து தும்பிக்கை போல் வளைந்த பழைய வடிவில் இருந்தால், பெரும்பாலும் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் வெட்டியதாக இருக்கும். ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ என்று கண்டால் 1986க்கும் 1997க்கும் இடைப்பட்ட காலம். கல் பாலத்தோடு பிறந்ததா, பழுதுபார்த்தபோது வைத்ததா என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சுவருக்கு வெள்ளையடித்ததற்கே கல் வைத்தவர்கள் உண்டு.

அடுத்து பேச்சு. பெரியவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். கேட்டால் உங்களைத் திருப்திப்படுத்த ஏதோ ஓர் ஆண்டைச் சொல்வார்கள், அதையே பிறகு நம்பவும் தொடங்குவார்கள். தண்ணீரையும் சாவையும் கல்யாணத்தையும் வைத்துக் கேளுங்கள். “ஆச்சி, 92 வெள்ளத்துல தண்ணி பாலத்துல எதுவரைக்கும் ஏறிச்சு?” என்று கேட்டால், “கைப்பிடிச் சுவரே தெரியலய்யா” என்பதில் தொடங்கி, அக்கரையில் மாட்டிக்கொண்ட மருமகன் எந்த வீட்டில் படுத்தார் என்பது வரை கதை வரும். 1992 நவம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம், 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்தபோது பேருந்து நின்றது, 1973இல் நெல்லை ஜங்ஷனில் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தது ஆகியவை இந்த வட்டாரத்தில் நல்ல முளைகள். பாலம் அவற்றுக்கு முன்பா பின்பா என்று கட்டிக்கொண்டே வந்தால் ஆண்டு தானாக நெருங்கும். பாலம் வருமுன் எப்படிக் கடந்தார்கள் என்ற கேள்வியை மட்டும் எவரிடமும் விட்டுவிடாதீர்கள். பலரும் அதற்குத்தான் மனம் திறந்து பேசுவார்கள்.

நோட்டின் ஓரத்தில் ‘பார்த்தது’, ‘கேட்டது’ என்று இரண்டு குறி போடுங்கள். நெல்லை கொக்கிரகுளம் சுலோசன முதலியார் பாலத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1843இல் திறக்கப்பட்டதும், கலெக்டர் அலுவலக சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்த சுலோசன முதலியார் தம் பணத்தில் கட்டியதும், 1869 வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டதும் பதிவில் உள்ளவை. அவர் மனைவி நகைகளைக் கழற்றித் தந்த காட்சியோ தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கேட்டது. கேட்டதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. கேட்டது என்று குறித்தால் போதும்.

அரசியல் பேச்சில்தான் கை தடுமாறும். யார் கொண்டுவந்த பாலம் என்ற கேள்விக்கு இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, பிறகு தேர்தல் காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1986 ஊராட்சித் தேர்தலுக்குப் பின் அடுத்தது 1996இல்தான் நடந்தது. அதேபோல், 2016இல் பதவிக்காலம் முடிந்தபின் நெல்லை மாவட்ட ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். நடுவில் நிர்வாகம் தனி அலுவலர் கையில் இருந்தது. ஆகவே 2018இல் தலைவர் நின்று பழுதுபார்த்தார் என்று ஒருவர் சொன்னால், அவர் முன்னாள் தலைவரைச் சொல்கிறாரா, ஆண்டைத் தவறாகச் சொல்கிறாரா என்று பக்குவமாகக் கேட்கலாம். “அண்ணாச்சி, அப்போ தேர்தலே நடக்கலையே” என்று கூட்டத்தில் மடக்கினால் அதோடு பேச்சு நின்றுவிடும், தனியே கேளுங்கள்.

இதைவிட முக்கியமானது, டீக்கடை பெஞ்ச் சொல்வது பெரும்பாலும் ஒரு தெருவின் வரலாறு, அதிலும் ஆண்களின் வரலாறு. பாலத்துக்கு மேற்கே எந்தப் படித்துறையில் யார் குளித்தார்கள், கிழக்கே யார் குளித்தார்கள், செருப்போடும் சைக்கிளோடும் பாலத்தைக் கடக்க எவருக்காவது தடை இருந்ததா என்று எல்லாத் தெருக்களிலும், பெண்களிடமும் கேட்காமல் எழுதினால், ஊரின் பாதியைத்தான் எழுதியிருப்பீர்கள். சொல்கிறவர் பெயர் வேண்டாம் என்றால் தெருப் பெயரையும் எழுதாமல் விட்டுவிடுங்கள்; சின்ன ஊரில் தெருவைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

காகிதத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா என்று முதலில் தெரிந்துகொண்டு, மதிப்பீடு, வரைபடம், பழுதுபார்த்த பதிவு ஆகியவற்றின் நகலைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘எல்லா விவரமும்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. தூத்துக்குடிப் பக்கத்து ஊராக இருந்தால் 1986க்கு முந்தைய கோப்பும், தென்காசிப் பக்கமாக இருந்தால் 2019 நவம்பருக்கு முந்தைய கோப்பும் நெல்லை அலுவலகங்களில் இருக்கக்கூடும் என்பதால் இரண்டு இடத்திலும் கேட்பது நல்லது.

நீளம், அகலம், வளைவுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை டேப் பிடித்து அளந்து குறிப்பது ஒரு பிற்பகல் வேலை.

கடைசியாக அந்தத் திறப்புக் கல். ஜேசிபி வந்த அன்று ஓட்டுநரிடம் கெஞ்சிப் பயனில்லை, கல் இடிபாட்டோடு லாரியில் ஏறிவிடும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில், கல்லைப் பெயர்த்து ஊராட்சி அலுவலகத்திலோ பள்ளியிலோ புதுப் பாலத்திலோ பதிக்கக் கோரி, படத்தை இணைத்து மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த ரசீதின் நகலை ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரிடமும் ஒன்று கொடுத்துவிடுங்கள்.