வில்லின் பிடிக்குத் தோல் தைப்பது எப்படி?

கோத்தகிரியில் ஐப்பசி பிறந்துவிட்டால் வில் பிடிக்கும் உள்ளங்கை காய்வதே இல்லை. மூடுபனி பாதி, வியர்வை பாதி. வார்னிஷ் அடித்த மூங்கில் பிடி விலாங்கு மீனாக நழுவும். அதற்குத்தான் தோல். ஒரு மாலை நேர வேலை, காய இரண்டு நாள்.

ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில், மரப்பட்டையோ கடுக்காயோ போட்டுப் பதனிட்ட தோல் வாங்குங்கள். கடையில் ‘வெஜ் டேன்’ என்று கேட்டால் புரியும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மலிவாக இருந்தாலும் பிடியின் வளைவுக்குப் படியாது. ஒரு மீட்டர் மெழுகு நூல், குத்தூசி, முனை மழுங்கிய ஊசி இரண்டு, இவ்வளவு போதும்.

அளவு எடுப்பது

நாணைக் கழற்றிவிட்டு, பிடியைச் சுற்றிச் செய்தித்தாளை இறுக்கமாக ஒட்டுங்கள். குறியைப் பார்க்கும் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட்டு, அதன் வழியே வெட்டி விரியுங்கள். தையல் அங்கேதான் வர வேண்டும். உள்ளங்கைப் பக்கம் வந்தால் பத்தாவது அம்புக்குள் உறுத்தத் தொடங்கிவிடும்.

இனி, தாளின் இரு ஓரத்திலும் 2 மில்லிமீட்டர் நறுக்கிவிட்டு, அந்த அளவுக்குத் தோலை வெட்டுங்கள். ஈரத்தோல் இழுக்க இழுக்க நீளும். அந்த 4 மில்லிமீட்டர் இடைவெளியைத் தையல் மூடிவிடும். என் முதல் பிடியை ஓரத்தோடு ஓரம் சரியாக வெட்டினேன். தைத்து முடித்தபோது அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி தொளதொளத்தது.

துளை

ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி, 5 மில்லிமீட்டருக்கு ஒரு துளை. 10 சென்டிமீட்டர் தையலுக்கு 20 துளை வரும். ஒரு பக்கம் குறித்ததும் தோலை இரண்டாக மடித்து, அதே குறிகளை மறுபக்கம் இறக்குங்கள். எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் தையல் முறுக்கிக்கொள்ளும்.

ஊறவைத்துத் தைப்பது

வெதுவெதுப்பான நீரில் குமிழ் வருவது நிற்கும்வரை ஊறட்டும். பிறகு துண்டில் ஒற்றி எடுத்து, பிடியில் சுற்றுங்கள். ஈரமாக இருக்கும்போது இரும்புக் கிளிப் மட்டும் போடாதீர்கள், கருந்தழும்பு விழும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து மை ஆகிற அதே கதைதான். மரக் கிளிப் நல்லது.

பசை வேண்டாம் என்பது என் கட்சி. காயும்போது தோலே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். பின்னால் மாற்றுவதானால் தையலை அறுத்தால் போதும்.

நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, மேல் துளை இரண்டிலும் உள்ளிருந்து வெளியே எடுத்துச் சமமாக்குங்கள். இடது ஊசி குறுக்கே போய், வலது ஓரத்துக்கு அடியில் நுழைந்து, அடுத்த வலது துளை வழியே வெளியே வர வேண்டும். வலது ஊசி அதேபோல் இடப்பக்கம். எப்போதும் இடதுதான் முதலில். வரிசை மாறினால் பெருக்கல் குறிகள் ஒன்றுக்கொன்று முரண்டு நிற்கும். இரண்டு தையலுக்கு ஒருமுறை இரு நூலையும் பக்கவாட்டில் இழுங்கள். ஓரங்கள் மெல்ல நகர்ந்து முட்டுவது கண்ணுக்கே தெரியும். மழுங்கிய ஊசி கேட்டது இதற்காகத்தான்: தோலுக்கு அடியில் போகும் கூர் ஊசி மூங்கிலின் மேல்தோலைக் கீறிவிடும். வில் வெடிப்பு விட அப்படி ஒரு கீறல் போதும்.

கடைசியில் இரட்டை முடிச்சுப் போட்டு, ஊசியால் தோலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

நிழலில் இரண்டு நாள், அடைமழையானால் நான்கு நாள் காயட்டும். அடுப்புப் பக்கம் கொண்டுபோனால் தோல் விறைத்துப்போகும். காய்ந்தபின் தேன்மெழுகைத் தேய்த்து, துணியால் சூடேறும்வரை துடையுங்கள். மழை மாதங்களில் வில்லை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், பிடியில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்கும். பூத்தால் துடைத்து, காற்றாடப் போட்டுவிட்டு மறுபடி மெழுகு தடவுங்கள்.