பின்ட்ரெஸ்ட் போர்டுகளுக்குத் தமிழில் கவர் செய்வது எப்படி? இலவச ஸ்லைடு டெம்ப்ளேட் போதும்

தீபாவளி நெருங்கினால் அக்காவின் தையல் கடையில் நிற்க இடம் இருக்காது. துணியைக் கொடுத்த கையோடு, "பின்கழுத்துக்கு என்ன டிசைன் வைக்கலாம், காட்டுங்கக்கா" என்பார்கள். அக்கா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு டேப்லெட்டை எடுத்து நீட்டுவார். அதில் பின்ட்ரெஸ்ட் கணக்கு திறந்திருக்கும். பிடித்த படங்களைச் சேர்த்துவைக்கும் தளம் அது. அதில் ஒன்பது போர்டுகள், அதாவது படத்தொகுப்புகள் இருக்கும். ஆனால் ஒவ்வொரு போர்டின் முகப்பிலும் ஏதோ ஒரு பட்டு பிளவுஸ்தான் தெரியும். கழுத்து எது, கை எது, ஆரி வேலை எது என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். கூட்டம் நிற்கும்போது அந்த அரை நிமிடம் பெரிய நேரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து ஒன்பது போர்டுக்கும் கவர், அதாவது முகப்புப் படம் செய்தோம். காசு கொடுத்து எந்த மென்பொருளும் வாங்கவில்லை. கூகுள் ஸ்லைட்ஸும் ஓர் இலவச டெம்ப்ளேட்டும்தான். அன்று செய்ததையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் போர்டில் கோலம் இருக்கலாம், மாடித்தோட்டம் இருக்கலாம், சமையல் இருக்கலாம். முறை ஒன்றுதான்.

கவர் எந்த வடிவத்தில் தெரியும்?

பின்ட்ரெஸ்ட் போர்டில் போடும் படங்களுக்குப் பின் என்று பெயர். அவை நெட்டையானவை. 1000க்கு 1500 பிக்சல், அதாவது 2:3 விகிதம்தான் அவர்களே பரிந்துரைக்கும் அளவு. அதனால் "பின்ட்ரெஸ்ட் டெம்ப்ளேட்" என்று தேடினால் நெட்டை வடிவமாகவே வந்து குவியும். அதைக் கவருக்கு எடுக்காதீர்கள். கவர் கிட்டத்தட்ட சதுரமாக வெட்டப்பட்டுத்தான் தெரியும், மூலைகளும் வளைந்துவிடும். நெட்டைப் படத்தின் தலையில் எழுதிய தலைப்பு அந்த வெட்டில் போய்விடும்.

இன்னொன்று, கவர் ரொம்பச் சிறியதாகத் தெரியும். நீங்கள் 1000 பிக்சலில் செய்த சதுரம், திரையில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் பாதித் தவறுகள் நடக்காது.

முதல் படி: டெம்ப்ளேட் தேடுவது

ஸ்லைட்ஸ்கோ, ஸ்லைட்ஸ்கார்னிவல் போன்ற தளங்களில் இலவச டெம்ப்ளேட்டுகள் நிறையக் கிடைக்கும். பிடித்ததைத் திறந்து, கூகுள் ஸ்லைட்ஸ் என்ற பட்டனை அழுத்தினால் உங்கள் கூகுள் டிரைவில் ஒரு நகல் வந்து உட்காரும். பவர்பாயின்ட் ஃபைலாக மட்டும் கிடைத்தால் அதை டிரைவில் ஏற்றி ஸ்லைட்ஸில் திறந்துகொள்ளலாம். இலவசம் என்றாலும் நிபந்தனை உண்டு. ஸ்லைட்ஸ்கோவின் இலவச டெம்ப்ளேட்டைப் பயன்படுத்தினால் அவர்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும். கடைசி ஸ்லைடுகளில் உரிமம் பற்றி எழுதியிருப்பார்கள், ஒருமுறை படித்துவிடுங்கள். பெயரைப் பின்னின் விளக்கத்தில் ஒரு வரியாகப் போட்டால் ஆயிற்று.

எதைத் தேர்ந்தெடுப்பது? முதல் ஸ்லைடின் பகட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு டெம்ப்ளேட்டில் இருபது முப்பது ஸ்லைடுகள் இருக்கும். அவற்றில் நமக்கு வேண்டியது, நடுநடுவே புதிய பகுதி தொடங்கும் இடத்தில் வரும் ஸ்லைடு. பெரிய எழுத்தில் இரண்டே சொல், சுற்றிலும் வெற்றிடம், ஓரத்தில் ஒரு பூவோ கோடோ. கவருக்கு அதுதான் பொருத்தமான அச்சு. நான் டெம்ப்ளேட் பார்க்கும்போது படத்தைப் பார்ப்பதில்லை, எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். தமிழ்ச் சொல்லுக்கு அந்த இடம் கட்டாயம் தேவைப்படும்.

இரண்டாம் படி: சதுரப் பக்கம்

டெம்ப்ளேட் வந்த ஃபைலிலேயே அளவை மாற்றினால் பூக்கள் நசுங்கும், பெட்டிகள் இடம் மாறும். அதனால் புதிதாக ஒரு வெற்று ஸ்லைடு ஃபைல் திறந்துகொள்ளுங்கள். ஃபைல் மெனுவில் பேஜ் செட்டப் போய், கஸ்டம் என்பதைத் தேர்ந்து, அலகைப் பிக்சலுக்கு மாற்றி, 1000க்கு 1000 என்று கொடுங்கள். இந்த வேலையைக் கணினியில் செய்வதுதான் சுலபம்.

இப்போது டெம்ப்ளேட்டிலிருந்து வேண்டிய பூவையும் கோட்டையும் மட்டும் நகலெடுத்து இங்கே ஒட்டுங்கள். சில அலங்காரங்களைக் கிளிக் செய்தால் பிடிபடவே பிடிபடாது. முதல்முறை நான் கால் மணி நேரம் அதோடு போராடினேன். அவை ஸ்லைடில் இல்லை, அதற்கு அடியில் இருக்கும் தீமில் இருக்கின்றன. வியூ மெனுவில் தீம் பில்டர் என்று இருக்கும். அதைத் திறந்தால் அந்தப் பூ அங்கே இருக்கும், சாதாரணமாக நகலெடுக்கலாம்.

அப்புறம் வியூ மெனுவிலேயே கைட்ஸ் என்பதைத் திறந்து, நான்கு பக்கமும் சுமார் 150 பிக்சல் உள்ளே தள்ளிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எழுத்து முழுக்க அந்தக் கோடுகளுக்குள் இருக்க வேண்டும். வெளியே அலங்காரம் மட்டும். ஓரம் வெட்டுப்பட்டாலும் படிப்பதற்கு எந்தக் குறையும் வராது.

மூன்றாம் படி: தமிழ் எழுத்து

எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது இந்த இடம்தான். நிதானமாகப் பார்ப்போம்.

இந்த டெம்ப்ளேட்டுகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்தவை. மான்செரட், பிளேஃபேர் டிஸ்ப்ளே என்று அழகான எழுத்துரு போட்டிருப்பார்கள். அவற்றில் தமிழே கிடையாது. நீங்கள் "ஆரி வேலை" என்று தட்டினால், கணினி தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்து ஒப்பேற்றும். பெட்டியில் பெயர் மான்செரட் என்றே காட்டும், எழுத்து மட்டும் வேறாக இருக்கும். ஆகவே எழுத்துருவை நாமே மாற்ற வேண்டும். எழுத்துருப் பட்டியலின் மேலே மோர் ஃபான்ட்ஸ் என்று இருக்கும். அதைத் திறந்து, ஸ்கிரிப்ட்ஸ் என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கேட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, கவிவனார், அரிமா, நோட்டோ செரிஃப் தமிழ் என்று வரிசையாக வரும். கவருக்கு என் விருப்பம் பலூ தம்பி. உருண்டு திரண்ட எழுத்து, சுருங்கினாலும் முகம் தெரியும். கவிவனார் கையெழுத்துப்போல் சாய்ந்து அழகாக இருக்கும், ஆனால் இவ்வளவு சின்ன இடத்தில் அதன் அழகு எடுபடாது. நோட்டோ செரிஃப் போட ஆசையாக இருந்தால் தடித்த வடிவத்தை எடுங்கள்.

டிடிபி கடையில் கொடுத்த பழைய நோட்டீஸிலிருந்து எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் பல சமயம் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் கலைந்து வரும். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோடில் நீங்களே புதிதாகத் தட்டிவிடுங்கள், நான்கு சொல்தானே.

அடுத்தது எழுத்தின் அளவு. 1000 பிக்சல் பக்கத்தில் 40 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து சுமார் 53 பிக்சல் உயரம் பிடிக்கும். ஆறில் ஒரு பங்காகச் சுருங்கினால் 9 பிக்சல். கண்ணாடி போட்டவருக்கும் படிக்க முடியாது. 100 புள்ளி வைத்தால் 133 பிக்சல், சுருங்கியபின் 22 பிக்சல். கடைக்கு வரும் பாட்டியும் படித்துவிடலாம். அதனால் 100க்குக் கீழே போகாதீர்கள்.

100 புள்ளியில் தமிழ்ச் சொல் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பாருங்கள். "ஆரி" இரண்டே எழுத்து, தாராளமாக உட்காரும். "பின்கழுத்து" அப்படி இல்லை. பெட்டி குறுகலாக இருந்தால் மேல் வரியில் "பின்கழு", கீழ் வரியில் "த்து" என்று ஸ்லைட்ஸ் சொல்லை உடைத்துவிடும். புள்ளி வைத்த எழுத்தில் ஒரு வரி தொடங்குவதைப் பார்த்தாலே உறுத்தும். இதற்கு எழுத்தைச் சிறிதாக்குவது வழியல்ல, சொல்லை மாற்றுங்கள். "பின்கழுத்து டிசைன்கள்" என்பதை "கழுத்து" என்று சுருக்கினோம். "சேலைக் குஞ்சம் வகைகள்" என்பது "குஞ்சம்" ஆயிற்று. "பாவாடை சட்டை"யை இரண்டு வரியாகப் போட்டோம். போர்டின் முழுப்பெயர் கவருக்குக் கீழே எப்படியும் வரும், கவரில் ஒரு சொல் போதும்.

வரி இடைவெளியையும் கவனியுங்கள். ஆங்கிலத் தலைப்பு எல்லாம் கேபிடல் எழுத்தாக இருப்பதால் வரிகளை நெருக்கி வைத்திருப்பார்கள். நம் எழுத்துகள் அப்படி ஒரே உயரத்தில் நிற்பவை அல்ல. "கீ" மேலே சுழிக்கும், "ழு" கீழே கால் நீட்டும். மேல் வரியின் காலும் கீழ் வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். வரி இடைவெளியை 1.15 ஆக்கினால் சரியாகிவிடும்.

பெட்டியை வலது கிளிக் செய்து ஃபார்மேட் ஆப்ஷன்ஸ் திறந்து, டெக்ஸ்ட் ஃபிட்டிங் என்ற இடத்தில் ஆட்டோஃபிட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நீளமான சொல் வரும்போது அதுவாகவே எழுத்தைச் சுருக்கும். ஒன்பது கவரிலும் ஒன்பது அளவு வந்து நிற்கும்.

நான்காம் படி: நிறம்

அக்காவிடம் நிறத்தைப் பற்றிக் கேட்டால் அரக்கு, மயில்கழுத்து, சந்தனம், வெங்காயத்தோல் என்றுதான் சொல்வார். அதையே எடுத்துக்கொண்டோம். கவரின் பின்னணி சந்தன நிறம், எழுத்து அரக்கு. நிறப் பெட்டியில் கஸ்டம் போய் 800000 என்ற எண்ணைக் கொடுத்தால் நல்ல அரக்கு வரும். மயில்கழுத்துக்கு நெருக்கமாக வேண்டுமென்றால் 006666 போட்டுப் பாருங்கள். ஒன்பது போர்டுக்கும் ஒன்பது நிறம் வேண்டாம். இரண்டு நிறம், அதிகம் போனால் மூன்று. வெளிர் பின்னணியில் வெளிர் எழுத்து கூடவே கூடாது. டெம்ப்ளேட்டில் இளஞ்சிவப்பின்மேல் வெள்ளை எழுத்து பார்க்க இதமாகத்தான் இருக்கும். பெரிய திரைக்கு அது சரி, கவருக்கு உதவாது.

ஐந்தாம் படி: ஒரு படம்

படமே இல்லாத கவரும் நன்றாக இருக்கும். வேண்டுமென்றால் கடையில் தைத்ததையே படமெடுத்துப் போடுங்கள். அக்கா ஆரிச் சட்டத்தில் பாதி வேலை முடிந்திருந்த ஒரு மாங்காய் புட்டாவை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். மேலே இருந்து நேராக, ஒரு சாண் தூரத்தில் எடுத்தேன். ஜரிகை நூலின் முறுக்குகூடத் தெரிந்தது. ஆரி கவருக்கு அந்த ஒரு மாங்காய் போதுமானதாக இருந்தது. முழு பிளவுஸையும் காட்டினால் சுருங்கும்போது வெறும் சிவப்புத் துணியாகிவிடும். பெரியதில் ஒரு துண்டு என்பதே நல்ல கணக்கு.

படத்தை வட்டமாக வெட்ட, அதைத் தேர்ந்துகொண்டு மேலே இருக்கும் கிராப் சின்னத்துக்குப் பக்கத்து அம்புக்குறியை அழுத்துங்கள். வடிவங்கள் வரும். வட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

வாடிக்கையாளரை நிற்கவைத்து எடுத்த படமாக இருந்தால், முகம் தெரியாவிட்டாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஆறாம் படி: ஒன்றிலிருந்து ஒன்பது

முதல் கவர் திருப்தியாக வரும்வரை இரண்டாவதைத் தொடாதீர்கள். திரையின் இடப்பக்கம் ஸ்லைடுகள் சின்னதாக வரிசையாகத் தெரியும் அல்லவா? அந்தச் சின்னப் படம் ஏறக்குறைய பின்ட்ரெஸ்டில் தெரியப்போகும் அளவுதான். அதில் படிக்க முடிகிறதா என்று இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். அக்கா அதில்தான் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். ஓரத்தில் நான் வைத்திருந்த மெல்லிய கொடி, சின்னதில் அழுக்குக் கோடுபோல் தெரிந்தது. எடுத்துவிட்டு ஒரே ஒரு தடித்த கோடு போட்டோம்.

சரி, இனி கன்ட்ரோல், டி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அந்த ஸ்லைடு அப்படியே இன்னொன்றாக வரும். சொல்லை மாற்றுங்கள், படத்தை மாற்றுங்கள். படத்தை வலது கிளிக் செய்து ரீபிளேஸ் இமேஜ் கொடுத்தால் வட்டமும் அளவும் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது மட்டும் மாறும். எழுத்துப் பெட்டியை மட்டும் நகர்த்தாதீர்கள். ஒன்பதிலும் எழுத்து ஒரே இடத்தில் இருந்தால்தான் வரிசையாகப் பார்க்கும்போது ஒரு வீட்டுப் பிள்ளைகள்போல் இருக்கும்.

ஏழாம் படி: ஏற்றுவது

ஃபைல் மெனுவில் டவுன்லோட் போய் பிஎன்ஜி என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறந்திருக்கும் ஸ்லைடு மட்டுமே இறங்கும். ஒன்பதுக்கும் ஒன்பது முறை செய்ய வேண்டியதுதான். இறங்கியதும் ஃபைலுக்குப் பெயர் வைத்துவிடுங்கள், பிறகு எது எது என்று தேட வேண்டாம்.

பின்ட்ரெஸ்டில் புதிய பின் உருவாக்கி, படத்தை ஏற்றி, அதற்குரிய போர்டில் சேமியுங்கள். தலைப்பில் முழுப்பெயரை எழுதுங்கள். "பட்டு பிளவுஸ் பின்கழுத்து டிசைன்கள்" என்று கவரில் இடமில்லாமல் விட்டதையெல்லாம் இங்கே தாராளமாக எழுதலாம், தேடுபவர்களுக்கும் உதவும். பிறகு போர்டைத் திறந்து எடிட் போர்டு போனால் போர்டு கவரை மாற்றும் இடம் இருக்கும். அங்கே இந்தப் பின்னைத் தேர்ந்தெடுத்து, நடுவில் வரும்படி இழுத்து வைத்துச் சேமித்துவிடுங்கள். அந்தப் பின்னைப் பிறகு அழித்துவிடாதீர்கள், கவரும் சேர்ந்து போய்விடும்.

கணினியில் முடித்ததும் ஃபோனிலும் ஒருமுறை திறந்து பாருங்கள், வெட்டு கொஞ்சம் மாறும். எங்களுக்குக் "குஞ்சம்" மட்டும் ஃபோனில் ஓரத்தை ஒட்டிப் போயிருந்தது. ஸ்லைடில் 20 பிக்சல் உள்ளே தள்ளி மறுபடி ஏற்றினோம்.

அந்த ஸ்லைடு ஃபைலை அழிக்காமல் டிரைவிலேயே வைத்திருக்கிறோம். போன வாரம் அக்கா "குழந்தைகள் லெஹங்கா" என்று பத்தாவது போர்டு தொடங்கினார். "லெஹங்கா" என்று மட்டும் மாற்றி, கவர் போட்டுவிட்டு, வெந்நீர் கொதிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார்.