பிளான் போடும் முன் பட்டாவைப் பாருங்கள்

பேரூராட்சியில் வீடு கட்ட அனுமதி கேட்கப் போகிறீர்களா? பொறியாளரிடம் பிளான் போடச் சொல்லும் முன்பே பட்டாவையும் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பரப்பளவை ஒப்பிடுங்கள். பத்திரத்தில் சதுர அடி இருக்கும், பட்டாவில் ஹெக்டேர்-ஏர் இருக்கும். அதனால்தான் வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 1,076 சதுர அடி. பட்டாவில் ‘0 - 1.50’ (0 ஹெக்டேர், 1.50 ஏர்) என்றால் ஏறக்குறைய 1,614 சதுர அடி. பத்திரம் 1,700 என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிளான் போட்ட பிறகு தெரிந்தால் வரைபடச் செலவு இரண்டு முறை.

2024 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்த சுயசான்று முறையில் (விவரங்களுக்கு உரிமையாளரே உறுதியளித்து அனுமதி பெறுவது), 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்ட, முன்கூட்டியே யாரும் இடத்தைப் பார்க்க வருவதில்லை. ஆவணம்தான் பேசும், பொறுப்பும் நம்முடையது. பட்டாவை அரசின் இ-சர்வீசஸ் தளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். அப்படியே அது பலர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாவா என்றும் பார்த்துவிடுங்கள். கூட்டுப் பட்டா என்றால் உங்கள் பங்கைத் தனியாக உட்பிரிவு செய்ய நில அளவையர் வரவேண்டும், நாளாகும்.

அங்கீகாரம் இல்லாத மனைக்கு இந்த ஒப்பீடு மட்டும் உதவாது. அளவு எவ்வளவு பொருந்தினாலும் முதலில் மனையை வரன்முறைப்படுத்தியாக வேண்டும்.