கவுட் நோய்க்கு வலி மாத்திரையோடு நின்றுவிடாதிருக்க

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலுள்ள சாட்ஸ்வொர்த்தில், இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி மூட்டைத் தாக்கும் கவுட் நோயால் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடித்துப்போகும் தினக்கூலிக்காரர், டைக்ளோஃபெனக் என்னும் வலி ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போய்விடுகிறார். வசதியுள்ளவரோ இரத்தப் பரிசோதனை செய்து, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார். அலோபியூரினால் 1966 முதல் புழக்கத்தில் உள்ள மலிவான மருந்துதான். மருத்துவரைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் நேரமும் பரிசோதனையுமே ஏழைக்குக் கட்டுப்படியாவதில்லை.

மெடிக்கல் எய்ட் என்னும் தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒன்றை முதலில் விசாரிக்க வேண்டும். எல்லாத் திட்டங்களும் கட்டாயமாகச் செலவேற்க வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் முடக்குவாதம் இருக்கிறது, கவுட் இல்லை. ஆகவே உங்கள் திட்டம் அதைத் தானாக முன்வந்து ஏற்கிறதா, அல்லது திட்டத்திலுள்ள உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கழிக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். சேமிப்பு தீர்ந்துவிட்டால் மாத்திரையை நிறுத்த வேண்டாம். மருந்துக்கடைக்காரரிடம் ஜெனரிக் (வேறு நிறுவனம் செய்யும் அதே மருந்து, மலிவாக) கேளுங்கள், அப்படி ஒன்று இருப்பதை உங்களுக்குச் சொல்வது சட்டப்படி அவர் கடமை.

மெடிக்கல் எய்ட் இல்லாதவர்களுக்கு அரசு கிளினிக்கில் 1996 முதல் கட்டணமில்லை. அலோபியூரினாலும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. ஆனால் அங்கே கேட்டால்தான் கிடைக்கும். வலி தணிந்தபின் ஒருநாள் போய், யூரிக் அமிலத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். யூரிக் அமிலம் லிட்டருக்கு 0.36 மில்லிமோலுக்குக் கீழே இறங்க வேண்டும். வழக்கமாக 100 மில்லிகிராமில், சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு அதைவிடக் குறைவாகத் தொடங்கி, அளவு பார்த்துப் படிப்படியாகக் கூட்டுவார்கள். கூட்டச் சொல்லிக் கேட்காததால் அந்த 100-லேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிட்டவர்கள் பலர். என் பெரியப்பா அவர்களில் ஒருவர். பேரனின் பழைய கணக்கு நோட்டில் 0.52, 0.45 என்று குறித்துக் கொண்டுபோய்க் காட்டிய பிறகே அவருக்கு மருந்து கூடியது, நோட்டின் அடுத்த வரியில் 0.34 என்று எழுத முடிந்தது.

தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி மறுபடி வரலாம். மருந்து ஒத்துவரவில்லை என்று எண்ணிப் பலர் விட்டுவிடுவது இங்கேதான். அதைத் தடுக்கக் குறைந்த அளவில் கொல்சிசின் உடன் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். தோலில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு சாப்பிடுகிறீர்களா? மலிவானதால் கிளினிக்குகளில் பரவலாகத் தரப்படும் அந்த மாத்திரை யூரிக் அமிலத்தை ஏற்றும். நீங்களாக நிறுத்தாமல், மாற்றித் தர முடியுமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். பீரும் சர்க்கரைக் கூல்டிரிங்கும் அப்படியே ஏற்றுபவைதான். ஆனால் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினாலே போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மருந்துச்சீட்டு பொதுவாக ஆறு மாதத்துக்கே செல்லும். ஐந்தாவது மாதத்திலேயே அடுத்த நாளைக் குறித்துக்கொண்டு, நோய் அடங்கியவர்களுக்கு வீட்டருகே மருந்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு உண்டா என்றும் அப்போதே கேட்டுவையுங்கள். ஒரு நாள் கூலியாவது மிஞ்சும்.